தைத்தவர் வீட்டுப் பிள்ளைகள்

ஆண்டு முடியும் தறுவாயில் கல்லூரி மாணவர்கள் ஒரு காரியம் செய்கிறார்கள். அந்த ஆண்டில் தாம் உடுத்தியவை, வாங்கியவை, போய் வந்த இடங்கள் ஆகியவற்றின் படங்களைக் கோத்து ஒரு நிமிடக் காணொளியாக்கி நண்பர்களுக்குக் காட்டுகிறார்கள். பொங்கல் விழாவுக்குக் கட்டிய வேட்டி, கலைவிழாவுக்கு வாங்கிய கறுப்புச் சட்டை, பிரிவுபசார நாளில் அம்மாவின் பீரோவிலிருந்து எடுத்துக் கட்டிய பட்டுப்புடவை என்று ஓராண்டு கண்முன் ஓடி முடிகிறது. பெரியவர்கள் இதைப் பகட்டு என்பார்கள். வரலாற்றில் நாட்டமுள்ள ஒருவர் அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட இயலாது. கோயில் சிற்பத்தில் அரசியின் கொசுவ மடிப்பை எண்ணிப் பார்க்கிற நாம், நம் காலத்து இளைஞர் ஒருவர் தாமாகவே எழுதிவைக்கும் உடைக் குறிப்பை ஏன் ஒதுக்க வேண்டும்?

அந்த மாணவர் அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ இருப்பவரானால் அக்குறிப்புக்கு இன்னும் கனம் கூடுகிறது. சென்னையின் மேற்குப் புறமான இந்த வட்டாரத்துக்குத் துணியோடுள்ள உறவு மிகப் பழையது. ஆனால் அந்த உறவில் பெரும்பகுதி பிறருக்காக நெய்ததும் பிறருக்காகத் தைத்ததும்தான். தன் வீட்டுப் பிள்ளை என்ன உடுத்துவது என்பதை அந்தப் பிள்ளையே தீர்மானிக்கும் நிலை மிக அண்மையில் வந்தது; அதுவும் சச்சரவில்லாமல் வரவில்லை.

*

சென்னை என்ற நகரம் பிறந்ததே துணிக்காகத்தான். 1639இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே இக்கடற்கரையில் இடம் தேடியபோது அவரைக் கவர்ந்தது துறைமுகம் அன்று. அப்படியொன்று இங்கு இருக்கவுமில்லை. அலையடிக்கும் வெறும் மணற்கரைதான். வேறிடங்களைவிட இங்கே துணி 20 விழுக்காடு மலிவு என்று அவர் தம் மேலிடத்துக்குக் கணக்குச் சொன்னார். நிலத்தைத் தரும் அதிகாரம் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் இருந்தது. அவர் வந்தவாசியில் இருக்க, கடலோரப் பகுதியை மேற்பார்த்த அவருடைய தம்பி அய்யப்ப நாயக்கர் பூந்தமல்லியில் இருந்தார். பேச்சுவார்த்தையில் முன்னின்றவர் இந்த அய்யப்பரே. ஆக, சென்னையின் முதல் துணி வியாபார ஒப்பந்தத்தில் பூந்தமல்லிக்கும் ஒரு கை உண்டு.

அதன்பின் கம்பெனி நெசவாளர்களைத் தேடித்தேடிக் குடியேற்றியது. 1734இல் சிந்தாதிரிப்பேட்டை உருவானது நூற்போருக்கும் நெய்வோருக்குமாகத்தான். அவர்கள் நெய்தது கப்பலேறியது. அந்தத் துணி ஒரு கல்லூரியின் பெயரையே மாற்றியது என்பது நம்மில் பலர் அறிந்த கதைதான். எனினும் இங்கே நினைவுகூரத் தகும். 1687 முதல் 1692 வரை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். சொந்த வியாபாரத்தில் வரம்பு மீறிப் பொருள் சேர்த்தார் என்ற குற்றச்சாட்டில் பதவியிழந்தவர். 1718இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் தள்ளாடிக்கொண்டிருந்த ஒரு கல்லூரிக்கு அவர் அனுப்பியவை 417 நூல்களும், மன்னர் முதலாம் ஜார்ஜின் ஓவியமும், ஒன்பது பொதிச் சரக்குமாம். துணி உள்ளிட்ட அந்தச் சரக்கு 562 பவுனுக்கு விலைபோயிற்று. கல்லூரி அவர் பெயரைச் சூடிக்கொண்டது.

இரண்டரை நூற்றாண்டு கழித்து அதே வகைக் கல்லூரிகளின் மாணவர் உடம்பிலேயே நம் துணி ஏறியது. 1958இல் நியூயார்க்கின் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குக் கைத்தறி மதராஸ் கட்டத் துணி போய்ச் சேர்ந்தது. விற்றவர் கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர், பின்னாளில் லீலா விடுதிகளை நிறுவியவர். குளிர்ந்த நீரில் தனியே அலச வேண்டிய துணி அது. அந்த எச்சரிக்கை வாடிக்கையாளர்களைச் சென்றடையாததால் சாயம் கரைந்து புகார்கள் குவிந்தன என்றும், வழக்கு வரை போகவிருந்த விவகாரத்தை, சாயம் போவதே இத்துணியின் சிறப்பு என்று விளம்பரம் செய்து வெற்றியாக்கினார்கள் என்றும் நாயரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கதை எப்படியாயினும் விளைவு உறுதியானது. 1960களின் அமெரிக்கக் கல்லூரி வளாகங்களில் மதராஸ் கட்டச் சட்டையும் அரைக்கால்சட்டையும் வசதியான வீட்டு மாணவனின் அடையாளமாயின. நம்மூரில் லுங்கிக்கு உரிய கட்டம் அங்கே நாகரிகமாயிற்று.

*

அதே ஆண்டுகளில் நம் மேற்குப் புறநகரில் என்ன உடுத்தினார்கள்? ஒரே சொல்லில் விடை சொல்லலாம்: சீருடை.

1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோசலிச பாணிச் சமுதாயம் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது. மாநாடு கதர்மயமாக இருந்தது. கலைந்தபின் ஆவடிக்கு வந்தது காக்கி. 1961இல் பாதுகாப்புத் துறையின் ஆடைத் தொழிற்சாலை இங்கே தொடங்கி, படைவீரர்களுக்கான உடுப்புகளைத் தைக்கலாயிற்று. (2021 அக்டோபரிலிருந்து அது ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட் என்ற அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது.) 1965இல் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனியைத் தொடர்ந்து 1960களில் தொழிற்பேட்டை எழுந்தது. சங்கு ஊதியதும் காக்கியும் நீலமும் உடுத்திய ஆண்கள் சைக்கிளில் சாரிசாரியாகப் போனார்கள். 1957இல் ஆவடியில் தொடங்கிய முருகப்பா பாலிடெக்னிக் இந்த உலகத்துக்குத் தேவையான மாணவர்களைத் தயாரித்தது. பட்டறை வகுப்புக்குரிய காக்கிச் சட்டையே அவர்களுக்கு எதிர்காலத்தின் முன்னோட்டம்.

சீருடைக்கு இன்னொரு முகமும் உண்டு. காமராசர் ஆட்சியில் ஏழைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை வழங்கப்பட்டபோது, வகுப்பறையில் சாதியும் வசதியும் சட்டையிலேயே தெரிந்துவிடக் கூடாது என்ற நல்லெண்ணம் அதிலிருந்தது. அது வெறும் பேச்சன்று. கிழிசலுக்காகப் பள்ளிக்கு வராமலிருந்த குழந்தைகளை உள்ளே கொண்டுவந்தது. பின்னால் வரும் விவாதத்தில் இந்த நியாயத்தை மறந்துவிடக் கூடாது.

1974இல் நடைமுறைக்கு வந்த பல்லிழை ஒப்பந்தம் பணக்கார நாடுகள் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் எவ்வளவு ஆடை வாங்கலாம் என்று கோட்டா வகுத்தது. அந்தக் கோட்டாவின் நிழலில் அம்பத்தூரில் ஆயத்த ஆடை ஏற்றுமதி ஆலைகள் பெருகின. ஊர் வழக்கில் அவை ‘எக்ஸ்போர்ட் கம்பெனி’. தையல் எந்திரத்தின் முன் உட்கார்ந்தவர்களில் மிகப் பலர் பெண்கள். ஒருவர் காலர் மட்டும், ஒருவர் கைப்பட்டை மட்டும், ஒருவர் பொத்தான் துளை மட்டும் என்று நாளெல்லாம் தைத்தார்கள். முழுச் சட்டையையும் தைத்தவர் என்று ஒருவரும் இல்லை. தேர்வில் கழிந்த சட்டைகளும் மிஞ்சியவையும், லேபிள் பாதி வெட்டப்பட்டு, நடைபாதைக் கடைகளுக்கு வந்தன. இந்த வட்டாரத்து மாணவர்களில் பலருக்கு வெளிநாட்டுப் பாணி அறிமுகமானது இந்த ‘எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்’ வழியாகத்தான். 1990களின் நடுவில் அர்விந்த் ஆலை தைக்காத ஜீன்ஸ் துணியைப் பொத்தான், ஜிப்போடு பொதியாகக் கட்டி, ரஃப் அண்ட் டஃப் என்ற பெயரில் விற்றபோது தெருமுனை டெய்லர்களும் ஜீன்ஸ் தைக்கப் பழகினார்கள். ஜீன்ஸ் அப்போதுதான் எட்டிப்பிடிக்கும் விலைக்கு இறங்கியது.

*

கல்லூரிகள் வந்தது இதே காலத்தில். 1980களின் நடுவில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்ததும் மேற்குச் சாலைகளின் இருபுறமும் வயல்களும் ஏரிக்கரைகளும் வளாகங்களாயின. மதுரவாயலில் 1988, அம்பத்தூர்-செங்குன்றம் சாலையில் 1995, ஆவடிக்கு அப்பால் 1997, பூந்தமல்லியை அடுத்து 2000 என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கல்லூரிகள் எழுந்தன. காலை ஏழு மணிக்குச் சங்கொலிக்குப் பதில் கல்லூரிப் பேருந்துகளின் ஹாரன். தாவணி விலகிச் சுடிதார் நிலைபெற்றிருந்த காலம் அது. எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போகும் தாயும் கல்லூரிக்குப் போகும் மகளும் ஒரே நேரத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பும் தெருக்கள் உருவாயின.

2005ஆம் ஆண்டை இந்த வரலாற்றின் மையமாகக் கொள்ளலாம். அவ்வாண்டு ஜனவரி முதல் தேதி கோட்டா முறை முடிவுக்கு வந்தது. அம்பத்தூரில் தைத்த காற்சட்டையும் டி-ஷர்ட்டும் அளவுக் கட்டுப்பாடின்றி அயல்நாட்டு இளைஞர்களைச் சென்றடைய வழி திறந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில், டி. விஸ்வநாதன் துணைவேந்தராக இருந்த அண்ணா பல்கலைக்கழகம், தன்னோடு இணைந்த 200க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகளுக்கு உடைக் கட்டுப்பாட்டை அறிவித்தது. ஜீன்ஸ் கூடாது; டி-ஷர்ட் கூடாது; கையில்லாத மேலாடை, உடம்பைப் பிடிக்கும் ஆடை கூடாது. கைபேசிக்கும் தடை. கலைவிழாக்களில் சினிமாப் பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் கடிவாளம். நடிகை குஷ்புவின் கருத்துக்காக ஊர் ஊராக வழக்குத் தொடுக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அவ்வழக்குகளை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்ய 2010 ஆயிற்று. இளம்பெண்ணின் உடையும் பேச்சும் ஊர்ப் பொதுச்சொத்தாகக் கருதப்பட்ட பருவம் அது.

வேடிக்கையைப் பாருங்கள். தாய் அம்பத்தூரில் தைக்கலாம். பொதி கட்டிக் கப்பலேற்றலாம். அயல்நாட்டுக் கல்லூரி மாணவி அதை அணிந்து வகுப்புக்குப் போகலாம். தைத்தவரின் மகள், நான்கு மைல் தள்ளியிருக்கும் தன் கல்லூரிக்கு அதை அணிந்து போகக் கூடாது.

*

கட்டுப்பாட்டை ஆதரித்தவர்கள் சொன்ன நியாயங்கள் பொருட்படுத்தத் தக்கவையே. கிராமத்திலிருந்து வரும் ஏழை மாணவன், பணக்கார வீட்டுப் பையனின் விலையுயர்ந்த ஜீன்ஸைக் கண்டு கூசக் கூடாது. தொழில்முறைப் படிப்புக்கு அதற்கேற்ற தோற்றம் வேண்டும். முதல் வாதம் காமராசர் காலத்துச் சீருடையின் எதிரொலி. ஆனால் இரண்டுக்கும் முக்கியமான வேறுபாடு உண்டு. பள்ளிச் சீருடையை அரசு கொடுத்தது. கல்லூரி விதித்த முழுக்கைச் சட்டையையும் ‘ஃபார்மல்’ காற்சட்டையையும் தோல் ஷூவையும் மாணவனே வாங்க வேண்டும். துவைத்துத் துவைத்துப் போட ஒரு ஜீன்ஸ் தாங்கும். தேய்த்து மடிக்க வேண்டிய ஃபார்மல் தாங்காது. சமத்துவத்தின் பெயரால் விதிக்கப்பட்டது ஏழைக்குக் கூடுதல் செலவாக முடிந்தது.

இன்னொன்று, விதியின் சுமை சமமாக விழவில்லை. ஆணுக்கு அது ஷூவோடும் சட்டையோடும் முடிந்தது. பெண்ணுக்குத் துப்பட்டாவின் மடிப்பு, ஊசி, மேலாடையின் நீளம் வரை நீண்டது. மேலாடை அணியும் உரிமைக்காகத் தெற்கே பெண்கள் பல்லாண்டு போராடி, 1859இல் திருவிதாங்கூர் மன்னரிடம் ஆணை பெற்ற வரலாறு நமக்கு உண்டு. அன்று கூடாதென்றது, இன்று கட்டாயமென்றது. இரண்டிலும் முடிவெடுத்தவர் உடுத்தியவர் அல்லர் என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

சட்டமும் இதில் ஒரு பாதிதூரம் வந்திருக்கிறது. 2014இல் சென்னையின் கிரிக்கெட் மன்றமொன்றில் வேட்டி அணிந்துவந்த உயர் நீதிமன்ற நீதிபதி டி. அரிபரந்தாமனுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. சில வாரங்களிலேயே, வேட்டியைக் காரணம் காட்டிப் பொது இடங்களில் தடுக்கக் கூடாது என்று தமிழகச் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. நல்லது. ஆனால் அந்தச் சட்டம் காத்தது மரபுடையை. கல்லூரி வாசலில் நிறுத்தப்படும் மாணவிக்கு அதில் இடமில்லை. அவளுக்கும் மரபுடைக்கு ஒரு நாள் உண்டு. ஆண்டு முழுதும் கண்காணிக்கும் கல்லூரிகள், பொங்கல் விழாவன்று வேட்டி புடவைக்கு வாயிலைத் திறந்துவிடுகின்றன. அந்த ஒரு நாளின் படங்கள் ஆண்டிறுதித் தொகுப்பில் இவ்வளவு இடம் பிடிப்பதற்கு இதுவும் காரணமாயிருக்கலாம்.

தைத்தவர்களின் கணக்கும் இதற்கு இணையாகவே நகர்ந்தது. தமிழகத்தில் ஆயத்த ஆடைத் தொழிலாளரின் குறைந்தபட்சக் கூலியை 2014 டிசம்பரில் அரசு உயர்த்தியது. முதலாளிகள் வழக்காடினார்கள். 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உயர்வு செல்லும் என்றது. 12 ஆண்டுகளில் அதுவே முதல் உயர்வு. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் மேற்குப் புறநகரில் எத்தனையோ மாணவர்கள் பட்டம் பெற்று வெளியேறினார்கள். அவர்களில் ஒரு பகுதியினரின் கட்டணமும் கலைவிழாச் சட்டையும் அந்த உயராத கூலியிலிருந்தே வந்தன.

கம்பெனிக் காலத்துப் படைவீரர்களின் உடுப்பைக் கோட்டை அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் காணலாம். யேலின் பொதிகள் என்ன விலைபோயின என்பதற்கு ஏடு இருக்கிறது. அம்பத்தூரில் காலர் தைத்தவர், தம் முதல் சம்பளத்தில் மகளுக்கு எடுத்துக்கொடுத்த சுடிதார் என்ன நிறம் என்பதற்கு அவர்கள் வீட்டு ஆல்பமும், இப்போது அந்தப் பிள்ளைகளின் கைபேசியும்தான் சான்று. பிரிவுபசார நாளின் படத்தில் மகள் கட்டியிருப்பது அம்மாவின் புடவை. பக்கத்தில் அம்மாவும் நிற்கிறார் என்றால், படம் எடுத்த ஆண்டையும் அவர் வேலைபார்த்த இடத்தையும் பின்புறத்தில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்.