தீபாவளி அட்வான்ஸ்: பரிசா, கடனா?

ஐப்பசி பொறந்தா பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டங்கள்ல ஒரே பேச்சுதான்: "இந்த வருசம் அட்வான்ஸ் எவ்வளவாம்?" சங்கங்கள் பேசி வாங்கித் தந்ததாகப் பத்திரிகையிலும் செய்தி வரும். பண்டிகைக்குக் கம்பெனி 'கொடுத்த' காசு என்றுதான் நாமும் சொல்கிறோம். ஆனால் அது அடுத்தடுத்த மாதச் சம்பளங்களில் திரும்பப் பிடிக்கப்படுகிற கடன்.

இந்தப் பழக்கத்தின் வேர் கோப்பிக் காலத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு ஆள் சேர்க்கப் போன கங்காணி, வழிச்செலவுக்கு முற்பணம் கொடுத்தார். மலை ஏறுவதற்கு முன்பே குடும்பம் கடனாளி. தோட்டம் மாற வேண்டுமென்றால் 'துண்டு' வேண்டும். அதில் எழுதியிருக்கும் கடனைப் புதுத் தோட்டத்துத் துரை கட்டினால்தான் ஆளை எடுக்கலாம். தோட்டத்தில் அளந்த அரிசிக்கும் சம்பளத்தில் கழிவு. துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிந்தது. கொடுப்பதுபோல் கொடுத்துக் கணக்கில் பிடிக்கும் வழக்கம் மட்டும் நின்றுவிடவில்லை.

பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் பரிசைப் பற்றி எழுதிய கட்டுரையில், எந்தப் பரிசும் பதில் மரியாதையை எதிர்பார்க்கிறது என்றார். ஜப்பானில் கோடையில் 'ஒச்சூகென்', வருடக் கடைசியில் 'ஒசெய்போ' என்று கம்பெனிகள் வாடிக்கையாளருக்குப் பொருள் அனுப்பும். பதிலுக்கு எதிர்பார்ப்பது உறவு நீடிப்பதை. கொழும்பில் விருந்தாளிகளுக்கும் வெளிநாட்டு வியாபாரிகளுக்கும் அழகான பெட்டியில் தேயிலை கொடுப்பார்கள். அதில் ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட காற்றில் மணம் ஏறுகிற நம்ம ஊவாத் தேயிலையும் இருக்கும். அந்தப் பெட்டிக்கு யாரிடமும் தவணை பிடிப்பதில்லை. கொழுந்து பறித்தவருக்கு மட்டும் பண்டிகைக் காசே கடன்.

இந்தியாவில் கதை வேறு மாதிரிப் போனது. முதலாளி மனசு வைத்தால் கிடைத்த தீபாவளி போனஸை, தொழிலாளர்கள் பல வருடம் போராடி உரிமையாக்கினார்கள். 1965இல் போனஸ் சட்டம் வந்தது. இன்று குறைந்தபட்சம் வருடச் சம்பளத்தில் 8.33 வீதம், அதாவது ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். திருப்பிக் கட்ட வேண்டியதில்லை.

நம்மிடமும் இதற்கு உதாரணம் உண்டு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 5 வருடம் வேலை செய்து விலகும் நாட்சம்பளக்காரருக்கு, வருடத்துக்கு 14 நாள் சம்பளம் கிடைக்க வேண்டும். பேரில் 'கொடை' இருந்தாலும் அது கொடை இல்ல, உரிமை.

அட்வான்ஸே வேணாம்னு நாங்க சொல்லல. வட்டியில்லாத காசு, நகையை அடகுக்கடைக்குக் கொண்டுபோகாமல் பிள்ளைக்குப் புதுத்துணி எடுக்க உதவுகிறது. ஆனால் கடனைக் கடன் என்றே சொல்வோம். அடுத்த ஐப்பசியில் "அட்வான்ஸ் எவ்வளவு?" என்பதோடு, "போனஸ் எங்கே?" என்றும் சேர்த்துக் கேட்போம்.