பெட்டிக்குள் கேட்ட சத்தம்

ஸ்கூடாயில் எங்கள் வீட்டு மேசைக் கணினி ஒரு மழை நாளில் ‘டக்... டக்... டக்’ என்று சத்தம் போடத் தொடங்கியது. “உள்ள பல்லி கில்லி மாட்டிக்கிச்சாடா?” என்று அம்மா கேட்டார். அவர் கவலை பல்லியைப் பற்றியதல்ல. கூலாய் பக்கத்துத் தோட்ட வாழ்க்கையை அப்பா தட்டச்சு செய்து வைத்த ஆறு கோப்புகளும் அந்தப் பெட்டியில்தான் இருந்தன. அப்பா இப்போது இல்லை. வேறு பிரதியும் இல்லை.

பக்கத் தகட்டைக் கழற்றினேன். தூசி, எறும்பு. பல்லி இல்லை. முதல் சந்தேகம் காற்றாடி மேல். ஒயர் ஏதாவது இறக்கையில் உரசினாலும் இப்படிக் கேட்கும். கணினியை அணைத்து, பின்புறக் காற்றாடியின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுத் திரும்பவும் போட்டேன். சத்தம் நிற்கவில்லை. மோட்டார் மெக்கானிக் செய்வதுபோல ஸ்க்ரூடிரைவரின் முனையை வன்தட்டின் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டினேன். அங்கேதான்.

வன்தட்டின் கதை 1956-இல் தொடங்குகிறது. ஐபிஎம் அந்த ஆண்டு வெளியிட்ட ராமாக்கில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்றன. கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்றைய மேசைக் கணினித் தட்டுகள் பல 7,200 முறை சுழல்கின்றன. படிக்கும் தலை அவற்றின் மேல் சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. தன் இடத்தைக் காட்டும் அடையாளத்தைப் படிக்க முடியாமல் போனால், தலை ஓரத்துக்குத் திரும்பி மறுபடி முயலும். ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு ‘டக்’.

“சும்மா சும்மா ஆன் பண்ணாதீங்க தம்பி, தலை தட்டைக் கீறிடும். ஒரே மூச்சுல காப்பி எடுத்திடணும்” என்றார் கடைக்கார அண்ணன். நான் அதற்குள் நாலு தடவை போட்டுப் பார்த்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

ஐந்து கோப்புகள் கிடைத்தன. திறந்தால் தமிழே இல்லை. தலையில் கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள்.

இதற்கும் ஒரு வரலாறு உண்டு. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இலேயே முரசு மென்பொருளை உருவாக்கினார். பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்ற உழைத்தார், 1999-இல் மறைந்தார். அதே ஆண்டு சென்னை மாநாட்டில் தமிழ்நாடு அரசு டாம், டாப் குறியீடுகளை ஏற்றது. மின்னஞ்சல் குழுக்களில் கூடியவர்கள் டிஸ்கியை வளர்த்தார்கள். 1991-இலேயே யூனிகோடில் தமிழ் இருந்தும், விண்டோஸ் 2000 வரும்வரை சாதாரணக் கணினியில் அது எட்டாக்கனி. அப்பா எழுதியது டிஸ்கியில். அந்த எழுத்துரு இல்லாத கணினிக்கு அது வெறும் கிறுக்கல்.

மாற்றியில் போட்டதும் முதல் வரி தமிழாயிற்று. பிரட்டுக்களத்துச் சங்கு காலையில் ஊதும் சத்தத்தோடு அப்பா தொடங்கியிருந்தார்.

கிடைக்காத ஆறாவது கோப்பு, அவர்கள் தோட்டத்தை விட்டு வெளியேறிய கதை. இன்று கூலாய், செடெனாக் பக்கம் செம்பனை நின்ற நிலங்களில் தரவு மையங்கள் எழுகின்றன. உலகத்தின் கோப்புகள் அங்கே பத்திரமாக இருக்கும்.

“எனக்கு ஞாபகம் இருக்குடா. லாரியில சட்டி பானையெல்லாம் நான்தானே ஏத்துனேன்” என்றார் அம்மா. அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்கிறேன். இந்தத் தடவை மூன்று இடங்களில் பிரதி வைத்திருக்கிறேன்.