யாழ்ப்பாண நகரப் புனரமைப்பும் நகரத்துக்கான உரிமையும்: சோனகத்தெருவை முன்வைத்துச் சில குறிப்புகள்

நகரப் புனரமைப்பின் வரலாற்றை எழுப்பப்பட்ட கட்டடங்களைக் கொண்டு எழுதுவது பொதுவழக்கு. 1981இல் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் மீளெழுச்சியும், 2009இன் பின்னர் அகலிக்கப்பட்ட கண்டி வீதியும் அவ்வரலாற்றில் இடம்பெறுவன. ஆயினும், நகரம் யாருக்காக மீளமைக்கப்படுகின்றது என்னும் வினாவுக்கு இவை விடையாகா. இவ்வினாவை ஆராய்வதற்குச் சோனகத்தெருவின் அனுபவம் முதன்மையான சான்றாகும்.

குருநகர்க் கடற்றொழிலாளரையும் வண்ணார்பண்ணை வணிகரையும் போலவே, சோனகத்தெருவின் இரும்பு வணிகரும் தையற்காரரும் நகரின் பொருளியல் வாழ்வை உருவாக்கியவர்கள். 1990 ஒக்டோபர் 30ஆம் நாள் தமிழீழ விடுதலைப் புலிகள் சில மணிநேர அவகாசத்தில் இம்மக்களை வெளியேற்றினர். அவர்களுட் பெரும்பாலோர் புத்தளத்தில் அகதிகளாயினர். 1995 ஒக்டோபர் இறுதியில் நகரின் ஏனைய மக்களும் இடம்பெயர நேர்ந்தது. எனினும் அவர்களுட் பலர் 1996இலேயே திரும்பலாயினர். முஸ்லிம் மக்களுக்கோ அவ்வாய்ப்பு 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின்னர் சிறிதளவிலும், 2009இன் பின்னரே பரவலாகவும் கிட்டியது.

இவ்விடைக்காலத்தில் குடும்பங்கள் பெருகின, காணி பெருகவில்லை. வறுமையினால் காணியை விற்றோர் சிலர். வாடகைக்குக் குடியிருந்தமையால் உறுதி எதுவும் இல்லாதோர் வேறு சிலர். வீடமைப்பு உதவியோ காணியுரிமையை முன்நிபந்தனையாகக் கொண்டிருந்தது. ஆயுதக் குழுக்களின் செயல்களால் தம் நிலத்தை மீட்க வழக்காட இயலாதிருந்தோரின் நலன் கருதி, ஆட்சியுரிமை தொடர்பான விசேட சட்டமொன்று 2016இல் இயற்றப்பட்டது. அதுவும் உரித்துடையோருக்கே பயன்படுவதாயிற்று. உழைப்பாலும் வாழ்வாலும் நகரோடு பிணைந்திருந்த குடியிருப்பாளன், ஆவணம் இன்மையால் அந்நியனாக்கப்பட்டான்.

பிரெஞ்சு மார்க்சிய அறிஞர் ஹென்றி லெஃபேவ்ர் 1968இல் முன்வைத்த 'நகரத்துக்கான உரிமை' என்னும் கருத்து, நகரை உடைமையாக அன்றி வாழ்வோரின் ஆக்கமாகக் காண்பது. இவ்வளவையைத் தெரிந்தெடுத்துப் பிரயோகித்தல் முறையன்று. 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அரசு அறிவித்தல் விடுத்தபோது, பிறந்த மண்ணில் வாழும் உரிமையை முன்னிறுத்தி நாம் அதனை எதிர்த்தோம். அந்த நியாயம் சோனகத்தெருவுக்கும் உரியது. வெளியேற்றியவர் யார் என்பதைப் பொறுத்து உரிமை வேறுபடுவதில்லை. திரும்பியோரின் குடியிருப்பையும் தொழிலையும் முதற்கண் கணக்கிற் கொள்ளாத எத்திட்டமும் கட்டடங்களைப் புதுப்பிக்கலாம், நகரத்தைப் புனரமைத்ததாகாது.