உளிக்கு ஒரு பரிசு

சிற்பக் கண்காட்சி ஒன்றின் ஆண்டு விழாவுக்கு என்னை அழைத்திருந்தார்கள். கதை எழுதுகிறவனுக்கும் கல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். பரிசு கொடுப்பதற்கு முன்னால் யாராவது நாலு வார்த்தை பேச வேண்டும். அந்த வருஷம் நான் அகப்பட்டேன். படாளத்தில் பஸ் ஏறிச் செங்கற்பட்டில் மாறி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தேன்.

முதல் பரிசு ஓர் இளைஞருக்கு. கருங்கல்லில் ஆடும் பிள்ளையார். தும்பிக்கை நுனி சுண்டுவிரல் பருமன்தான் இருக்கும். அது வளைந்து மோதகத்தைத் தொடுவதைப் பார்த்தபோது எனக்கே கை கூசியது. ஓர் அடி தவறியிருந்தால் ஆறு மாத உழைப்பு போயிருக்குமே! சால்வை, கேடயம், புகைப்படம் எல்லாம் முறைப்படி நடந்தன. கடைசி வரிசையிலிருந்து எல்லோரையும்விட உரக்கக் கைதட்டியவர் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர். முகம் தெரியும், தொழில் தெரியாது.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தோம்.

"நீங்களும் சிற்பியா, பெரியவரே?"

"இல்லீங்க சார், கொல்லன். அந்தத் தம்பிக்கு உளி அடிச்சுக் குடுக்கிறவன்."

கருங்கல் உளியைத் தின்னும் என்று அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். காலையில் கூராக இருந்த உளி மத்தியானத்துக்குள் மழுங்கிவிடும். அதை உலையில் காய்ச்சி, அடித்து நுனி எடுத்து, தண்ணீரில் தோய்த்துப் பதம் ஏற்ற வேண்டும். பதம் மிஞ்சினால் நுனி தெறிக்கும், குறைந்தால் வளையும். இப்போது மின்சாரக் கருவிகள் வந்துவிட்டன. கொல்லனுக்கு வேலை குறைந்து போயிற்று. ஆனால் முகத்துக்கும் விரலுக்கும் இன்றும் உளிதான் என்றார்.

"அப்படியானால் உங்களுக்கும் ஒரு பரிசு கொடுத்திருக்கலாமே?"

அவர் சிரித்தார். "புள்ளையாரைப் பார்க்க வர்றவங்க உளியையா சார் பார்க்கப் போறாங்க?"

வீடு வந்த பிறகும் அந்தச் சிரிப்பு என்னை விடவில்லை. நம் நாட்டில் சிற்பிக்கு யார், எப்போது, என்ன பரிசு கொடுத்தார்கள் என்று புத்தகங்களைப் புரட்டினேன்.

எட்டாம் நூற்றாண்டில் சளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்றான். அந்த வெற்றியின் நினைவாகப் பட்டடக்கல்லில் அவன் அரசி லோகமகாதேவி எடுப்பித்த கோயிலில், அதைக் கட்டிய குண்டன் என்னும் ஸ்தபதிக்குத் 'திரிபுவனாசாரியர்' என்ற பட்டம் அளித்த செய்தி கல்லிலேயே இருக்கிறது. 1010-ல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டில் குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சனைக் காண்கிறோம். அவனுக்கு 'ராஜராஜப் பெருந்தச்சன்' என்று பெயர். அரசன் தன் பெயரையே தூக்கிக் கொடுத்திருக்கிறான்! அதைவிடப் பெரிய கேடயம் ஏது?

மேடையும் நடுவர்களும் பின்னால் வந்தவை. 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சியின் அடியொற்றி, 1855-ல் சென்னையிலும் ஒன்று நடந்தது. நடுவர் குழுக்கள் உட்கார்ந்து அறிக்கை எழுதின. சுதந்திரத்துக்குப் பின் 1954-ல் லலித் கலா அகாடமி தோன்றி, தேசியக் கண்காட்சிகளும் விருதுகளும் ஏற்பட்டன. 1957-ல் மாமல்லபுரத்தில் சிற்பப் பயிற்சிக்கு அரசாங்கம் ஒரு நிலையம் தொடங்கியது. அதன் முதல் தலைவர் வைத்தியநாத ஸ்தபதி. அவருக்குப் பின் அதை நடத்திய அவர் மகன் கணபதி ஸ்தபதிக்கு 2009-ல் பத்மபூஷண் கிடைத்தது. 2017-ல் மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்கே புவிசார் குறியீடு வந்தது.

எல்லாம் சந்தோஷமான செய்திகள்தாம். ஆனால் அரசன் கொடுத்தாலும் அரசாங்கம் கொடுத்தாலும் பரிசு தலைவனோடு நின்றுவிடுகிறது. அடுப்படிக்குப் போகிறதில்லை.

ஒரே ஓர் இடத்தில் போயிருக்கிறது. மாமல்லபுரத்துத் தருமராஜ ரதத்தில் பல்லவனின் பட்டப்பெயர்களை வரிசையாகப் படிக்கலாம்; செதுக்கியவன் பெயர் அங்கே இல்லை. ஆனால் சற்றுத் தள்ளிப் பூஞ்சேரியில் ஒரு பாறை உண்டு. அதில் அரசன் பெயர் கிடையாது. கேவாதப் பெருந்தச்சன், குணமல்லன், பய்யமிழிப்பான், சாதமுக்கியன் என்று பழைய எழுத்தில் வெறும் பெயர்கள். புகழுரை இல்லை, பட்டம் இல்லை. அந்தப் பட்டியலில் இன்னொரு பெயரும் இருக்கிறது: கொல்லன் சேமகன்.

உல்லாசப் பயணிகள் அதிகம் எட்டிப் பார்க்காத அந்தப் பாறையில், பெருந்தச்சன் இருக்கிற அதே வரிசையில் கொல்லனும் இருக்கிறான். அவனை யாரும் மேடைக்கு அழைக்கவில்லை; கூட வேலை செய்தவர்கள் விட்டுவிடாமல் சேர்த்துக்கொண்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

விழாக் குழுவினருக்கு ஒரு கடிதம் எழுதினேன். சிலைக்குக் கீழே வைக்கும் அட்டையில் சிற்பியின் பெயரோடு, உளி அடித்தவர் பெயரையும் ஒரு வரி சேர்க்கலாமே என்று கேட்டிருந்தேன். மரியாதையாகப் பதில் வந்தது. விண்ணப்பத் தாளில் அதற்குக் கட்டம் இல்லையாம்.

பெரியவரிடம் சேமகனைப் பற்றிச் சொன்னேன். பதிலைப் பற்றிச் சொல்ல மனம் வரவில்லை. அவர் வெகுநேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்:

"அந்தக் கடற்காத்துல உலையை எந்தப் பக்கம் மறைச்சு வெச்சிருப்பான் சார் அவன்?"

எனக்குத் தெரியவில்லை. இந்த வருஷமும் விழாக் குழுவுக்குக் கடிதம் எழுதப் போகிறேன்.