மூன்று ஆண்டு விலக்கு

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் கி.பி. 919லும் 921லும் வெட்டப்பட்ட சாசனங்களைப் போற்றுவோர் பெரும்பாலும் குடத்தோடும் ஓலையோடும் நின்றுவிடுகிறார்கள். ஊர் வாரியங்களுக்கு (குழுக்களுக்கு) ஆள் தேர, முப்பது குடும்புகளிலும் (ஊர்ப் பகுதிகளிலும்) தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டார்கள். விவரம் அறியாத சிறுவன் ஒருவன் அதிலிருந்து ஓலை எடுத்தான். குடத்தைச் சபையோர் அனைவரும் காணத் தூக்கிக் காட்டினார்கள். அழகான முறைதான். ஆனால் அந்தச் சாசனங்களின் உயிர் அவற்றின் விலக்கு விதிகளில் இருக்கிறது என்பேன். வாரியப் பொறுப்பு 360 நாளோடு முடிந்தது. முந்தைய மூன்று ஆண்டுகளில் எந்த வாரியத்தில் இருந்தவர் பெயரும் குடத்துக்குள் போகக்கூடாது. கணக்குக் காட்டாதவருக்கு இடமே இல்லை. அவருடைய தந்தை, மகன், உடன்பிறந்தார், மருமகன், மைத்துனன், மாமன், அத்தை மக்கள் என ஒரு நீண்ட உறவுப் பட்டியலுக்கே இடமில்லை. பதவியில் இருப்பவர் தாமே நீடிப்பார், அல்லது தம் வீட்டாரை உட்கார வைப்பார். கணக்கு ஒப்படைக்காதவருக்கு இந்த இரண்டு வழியையும் அடைத்தார்கள்.

சீட்டுக் குலுக்கினால் அனுபவமில்லாதவர் கையில் ஊர் போகாதா? அதையும் யோசித்திருக்கிறார்கள். தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் முன்பு பணியாற்றியவர்கள், கல்வியில் மூத்தவர்கள், வயதில் மூத்தவர்கள் ஆகியோரிலிருந்தே பன்னிருவர் சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்குச் சென்றார்கள். அனுபவம் ஒருவரிடம் தேங்காமல் பலரிடம் பரவியது. ஊரார் விரும்பும் நல்லவரை ஏன் தடுக்க வேண்டும் என்பது இன்னும் வலுவான கேள்வி. அவரை நிரந்தரமாக யாரும் தடுக்கவில்லை. மூன்றாண்டு கழித்து வரலாம். அந்த இடைவெளியில் அவர் எழுதிய கணக்கு வேறொருவர் கைக்குப் போகிறது. நல்லவருக்கு அதனால் நட்டமில்லை.

இது எல்லோருக்குமான ஆட்சி அல்ல என்பதை மறைக்கக்கூடாது. வரி செலுத்தும் கால் வேலி நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் உள்ள பிராமண ஆண்களுக்கே வாய்ப்பு. உழுதவர்களுக்கும் பெண்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. எனினும், கற்றவர், சொத்துள்ளவர், தம்மவர் என்று தேர்ந்தெடுத்த சிறு வட்டத்துக்குள்ளேயே ஒருவரையும் தொடர்ந்து பதவியில் விட அவர்கள் துணியவில்லை. ஏதென்ஸிலும் ஐந்நூற்றுவர் மன்றத்துக்குக் குலுக்கலில் தேர்வானவர் வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் அமர முடியாது. இன்றைய இந்திய அரசியலமைப்பில் பிரதமருக்கோ முதலமைச்சருக்கோ அப்படி ஒரு வரம்பு இல்லை. உத்திரமேரூரைப் பெருமையாகச் சொல்பவர்கள் அந்த மூன்றாண்டு விதியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.