கோப்பி அழிந்தபின் மலைநாடு மீண்ட வரலாறு



நானுஓயாப் புகையிரத நிலையத்தை அறியாத மலைநாட்டு மக்கள் மிகச் சிலரே. கடல்மட்டத்திற்கு ஐயாயிரம் அடிக்கும் மேற்பட்ட உயரத்தில், மூடுபனியினூடே வந்து நிற்கும் வண்டியினின்று இறங்குவோர் நுவரெலியாவுக்குப் போகும் வழியை வினவுவர். இந்நிலையம் எதற்காக எழுந்தது என வினவுவோர் அரியர். கோப்பியை மனத்திற்கொண்டு கேட்கப்பட்ட பாதை இது. 1885 ஆம் ஆண்டில் வண்டி இங்கு வந்து சேர்ந்தபோதோ, கோப்பியின் காலம் முடிந்துகொண்டிருந்தது. இடையில் வந்து போனது ஒரு கொள்ளைநோய்.

மனிதரைத் தாக்கும் நோயைப் பற்றியே நாம் கொள்ளைநோய் என்று பேசுகின்றோம். ஆனால் ஒரு நாட்டின் வாழ்வு ஒரே பயிரை நம்பி நிற்குமாயின், அப்பயிருக்கு வரும் நோய் அந்நாட்டு மக்களுக்கே வந்த நோயாகிவிடும். அத்தகைய நோயொன்றின் பின்னர் வணிகர் சங்கமொன்று ஊரை மீட்பதற்கு என்ன செய்ய இயலும், எவ்விடத்தில் அதன் பணி நின்றுவிடக்கூடும் என்பனவற்றை அறிய நாம் வேறு தேசம் செல்ல வேண்டுவதில்லை. நம் மலைகளின் வரலாறே போதும்.

1869 ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியிற் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி காணப்பட்டது. பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவைற்ஸ் அவ்விலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். ஆங்கு பேர்க்லி என்னும் அறிஞர் அவற்றை ஆராய்ந்து, இது ஒரு புதிய பூஞ்சணம் எனக் கண்டு பெயரிட்டார். நோய் கண்ட மரம் உடனே மடிவதில்லை. இலை உதிரும், மீண்டும் துளிர்க்கும், மீண்டும் உதிரும், ஆண்டுக்காண்டு காய் குறையும். உலகச் சந்தையில் கோப்பியின் விலை அக்காலத்தில் உயர்ந்து நின்றமையால், விளைச்சல் குறைந்ததைத் துரைமார் பலர் பொருட்படுத்தவில்லை. நோயை அடக்குவதற்கு மாறாக மேலும் காடழித்துக் கோப்பி நட்டனர். 1878 அளவிற் கோப்பி நிலம் ஏறத்தாழ 2,75,000 ஏக்கராய் விரிந்திருந்தது. பின்னர் விலையும் வீழ்ந்தது. 1884 இல் ஓரியண்டல் வங்கி கதவடைத்தது. மக்கள் கையிலிருந்த அவ்வங்கியின் நாணயத்தாள்கள் வெறுந்தாளாகிவிடாதபடி, தேசாதிபதி ஆர்தர் கோர்டன் அவற்றுக்கு அரசாங்கத்தின் பொறுப்பை அளித்தார்.

இவ்வீழ்ச்சியின் நடுவில் நின்ற அமைப்பு, 1854 இல் கண்டியில் தோன்றிய இலங்கைத் தோட்டத்துரைமார் சங்கம். அது செய்தவற்றை மூன்றாக வகுத்துக் கூறலாம்.

முதலாவது, அறிவைப் பகிர்ந்தமை. நோய் வருவதற்கு முன்பே, 1867 அளவில், ஆர்தர் மொரிஸ் என்பவர் அஸ்ஸாமின் தேயிலைத் தோட்டங்களைப் பார்வையிட்டு அறிக்கை தந்திருந்தார். அதே ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1880 இல் மார்ஷல் வார்ட் என்னும் இளம் விஞ்ஞானி அரசாங்கத்தின் அழைப்பில் வந்து, நோயின் வித்துகள் காற்றிற் பரவும் வகையைத் தெளிவுபடுத்தினார். கோப்பியை அவராலும் காப்பாற்ற இயலவில்லை. ஒரே பயிரை எல்லையின்றிப் பரப்புவதன் ஆபத்தை அவர் எடுத்துரைத்தார். 1881 இல் கொழும்பிலிருந்து வெளிவரத் தொடங்கிய வேளாண்மை மாத இதழொன்று, ஒருவர் தோட்டத்திற் கண்டதை மற்றவர் அறிய வழிசெய்தது. சிலர் சிங்கோனாப் பட்டையை நாடினர். அதன் விலையும் விரைவில் வீழவே, தேயிலையே நிலைத்தது.

இரண்டாவது, பாதை. 1874 இல் நாவலப்பிட்டியுடன் நின்றிருந்த புகையிரதப் பாதையை ஊவா நோக்கி நீட்டவேண்டுமெனத் துரைமார் பல்லாண்டுகள் வற்புறுத்தினர். அதன் பயனே நம் நானுஓயா நிலையம். கோப்பிக்கெனக் கேட்ட பாதை தேயிலைப் பெட்டிகளைச் சுமந்தது.

மூன்றாவது, சந்தை. 1883 இல் கொழும்பில் முதல் தேயிலை ஏலம் நடந்தது. 1893 இல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் இலங்கைத் தேயிலை அமெரிக்க மக்களுக்கு அறிமுகஞ் செய்யப்பட்டது. 1894 இற் கொழும்புத் தேயிலை வர்த்தகர் சங்கம் அமைந்தது. ஏற்றுமதியாகும் தேயிலையின் மீது சிறு வரி விதித்து, அதனைப் பொதுநன்மைக்குச் செலவிடும் முறையும் உண்டாயிற்று. 1925 இல் நிறுவப்பெற்றுப் பின்னர் தலவாக்கலையிலுள்ள சென்கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்ற தேயிலை ஆராய்ச்சி நிலையமும் அத்தகைய வரியினாலேயே வளர்ந்தது. 1875 இல் ஆயிரம் ஏக்கரளவில் இருந்த தேயிலை, 1895 இல் மூன்று இலட்சம் ஏக்கரைக் கடந்தது. இருபதே ஆண்டுகளில் எய்திய மீட்சி இது. தனித்தனியே நின்றிருந்தால் எந்தத் துரையும் இதனைச் சாதித்திருக்க முடியாது.

இவ்வரலாற்றை ஒருமுறை வகுப்பிற் கூறி முடித்தபோது, பின்வரிசையிலிருந்த மாணவியொருத்தி எழுந்து, "சேர், அந்தச் சங்கத்துல நம்ம ஆளுங்க யாராவது இருந்தாங்களா?" என்று கேட்டாள். இல்லை என்பதே விடை. அது துரைமாரின் சங்கம். அதன் ஏட்டிற் கூலியாட்கள் தொகையாக இருந்தனர், பெயராக இல்லை.

கோப்பி வீழ்ந்தபோது கைவிடப்பட்ட தோட்டங்களில் கூலி பெறாது வெறுங்கையுடன் ஊர் திரும்பியோர் பலர். எஞ்சியோர் தேயிலைக்கு மாறினர். கோப்பிக்குப் பருவகாலத்தில் ஆள் வந்தாற் போதும். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் எடுக்கப்பட வேண்டியது. ஆதலின், வந்து போனவர்கள் குடும்பத்தோடு தங்கினர். மலையகத் தமிழ்ச் சமுதாயம் இம்மண்ணில் வேரூன்றியது இம்மாற்றத்தினால்தான். ஆயினும் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையும், கங்காணியிடம் பட்ட கடனும், அக்கடனைத் தோட்டம் விட்டுத் தோட்டம் தொடரச்செய்த துண்டு முறையும் அவர்களுடன் இருந்தன. துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது 1921 இல். பயிர் இருபது ஆண்டில் மீண்டது. பயிரிட்டவன் மீள்வதற்கு அதனினும் நீண்ட காலம் வேண்டியிருந்தது.

மனிதருக்கு வந்த நோய்களின் போதும் இதே வேறுபாட்டைக் காண்கின்றோம். தென்னிந்தியாவிலிருந்து வருவோர் நோய் கொண்டு வாராதபடி மண்டபத்தில் முகாம் அமைத்துத் தடுத்து வைத்தனர். நோயை வாயிலிலேயே மறிக்க ஏற்பாடு இருந்தது. 1918 இல் இன்புளுவென்சா உலகெங்கும் பரவி இத்தீவையும் தாக்கியபோது, ஒருவர் இருமினால் அனைவரும் இருமும் லயத்து அறை மட்டும் முன்போலவே இருந்தது.

நூறாண்டு கழித்து, 2020 மார்ச்சில் மீண்டும் ஒரு கொள்ளைநோய் வந்தது. பாடசாலைகள் மூடப்பட்டன. ஊரடங்கு வந்தது. நானுஓயாவில் வண்டிகள் ஓய்ந்தன. தேயிலை ஓயவில்லை. வர்த்தகர் சங்கமும் ஏலத் தரகரும் விரைந்து செயற்பட்டு, ஏப்ரல் தொடக்கத்திலேயே கொழும்பு ஏலத்தை வரலாற்றில் முதன்முறையாக இணையவழியில் நடத்தினர். அவ்வாண்டு நாட்டின் தேயிலை உற்பத்தி ஏறத்தாழ 27.8 கோடி கிலோ. ஏலம் நின்றிருந்தால் தோட்டங்களிற் சம்பளமும் நின்றிருக்கும். அவ்வகையில் அச்சங்கத்தின் விரைவு போற்றத்தக்கது.

அதே நாட்களில் எம் கடைத்தெருவிற் கண்டதையும் சொல்ல வேண்டும். கொழும்புக் கடைகளிலும் உணவகங்களிலும் வேலை பார்த்த பிள்ளைகள் வேலையிழந்து வீடு திரும்பியிருந்தனர். வீட்டில் உண்போர் கூடினர், வருவாய் குறைந்தது. அவ்வேளையிற் கடைக்காரர் சிலர் பழைய கடன் கொப்பியை மூடாமல் அரிசியும் மாவும் அளந்து கொடுத்தனர். அவர்களுக்குச் சங்கத் தீர்மானம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. கொப்பியிலிருந்த ஒவ்வொரு பெயருக்கும் உரிய முகத்தை அவர்கள் அறிந்திருந்தனர். திரும்பக் கிடைக்குமோ என்ற ஐயம் அவர்களுக்கும் இருந்தது. அளப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

மறுபுறம், நாளொன்றுக்கு 1,000 ரூபா சம்பளம் வேண்டுமென்ற கோரிக்கை நோய்க்கு முன்பே எழுந்து, 2021 மார்ச்சில் சம்பளச் சபையின் வழியாகவே நடைமுறைக்கு வந்தது. உற்பத்திச் செலவு தாங்காதெனக் கூறித் தோட்டக் கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. அவற்றின் கணக்கிலும் உண்மை இருக்கலாம். ஆனால் அறுவடை செய்யும் கையைச் செலவுப் பத்தியில் மட்டும் எழுதும் கணக்கு முழுமையான கணக்கு ஆகாது.

நேயர்களே, வணிகர் ஒன்றுகூடினால் அறிவு பரவும், பாதை பிறக்கும், சந்தை திறக்கும். கோப்பியின் அழிவிலிருந்து இம்மலை மீண்டதே அதற்குச் சான்று. அச்சங்கங்களின் உழைப்பை நாம் குறைத்துக் கூறுதல் நன்றியன்று. ஆனால் ஊர் மீண்டது என்று எப்போது சொல்லலாம்? ஏலத்தில் விலை நிமிர்ந்த நாளிலா, லயத்து அடுப்பில் இருவேளை உலை ஏறிய நாளிலா? அடுத்த நோய் எப்பயிருக்கு வருமோ, எவ்வுயிருக்கு வருமோ, யாரறிவார்? அது வரும்போது கூடும் சங்கத்தின் மேசையில் தோட்டத்து மக்களுக்கும் ஓர் இருக்கை இருக்குமாயின், அந்த மாணவியின் கேள்விக்கு எனக்குப் பின் வரும் ஆசிரியர் வேறு விடை சொல்ல முடியும்.