1 லட்சம் கி.மீ. ஓடிய காரை வாங்கலாமா? கட்டாயம் பார்க்க வேண்டியவை என்ன?

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போகும் பலரும் முதலில் பார்ப்பது கிலோமீட்டரைத்தான். 1 லட்சத்தைத் தாண்டியிருந்தால், 'இது வேண்டாம்ப்பா' என்று திரும்பிவிடுகிறார்கள். ஆனால், ஓடிய தூரத்தை மட்டும் வைத்து ஒரு வண்டியை எடைபோட முடியாது.

அமெரிக்க ஆசிரியர் இர்வ் கார்டன், 1966ல் வாங்கிய வோல்வோ காரில் 2013ல் 30 லட்சம் மைல்களைக் கடந்து கின்னஸ் சாதனை படைத்தார். சுமார் 48 லட்சம் கி.மீ.! நேரத்துக்கு சர்வீஸ் செய்ததே அந்த கார் தாக்குப்பிடிக்கக் காரணம்.

எதையெல்லாம் பார்க்கணும்?

கூலன்ட்: ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருந்தால் துருவும் உப்பும் படிந்திருக்கும். இன்ஜின் சூடேறி ஹெட் கேஸ்கெட் போய்விடும்.

டைமிங் பெல்ட்: ரப்பர் பெல்ட் உள்ள வண்டி என்றால், அதை எப்போது மாற்றினார்கள் எனக் கேளுங்க. ஓடும்போது அறுந்தால், பல இன்ஜின்களில் பிஸ்டனும் வால்வும் மோதி பெரிய செலவு வைக்கும்.

பிரேக் ஆயில்: காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. பழசானால் மலைப்பாதை இறக்கத்தில் சூடேறி கொதித்து, பிரேக் பிடிக்காமல் போகலாம். 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

மீட்டரை நம்பலாமா?

கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டும் மோசடியும் நடக்கிறது. பழைய சர்வீஸ் பில்லில் உள்ள கி.மீ.யை மீட்டரோடு ஒப்பிட்டுப் பாருங்க. 40 ஆயிரம்தான் ஓடியிருக்கு என்கிறார்கள், ஆனால் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கிறதா? உஷார். பில் எதுவும் இல்லாத அந்த வண்டியைவிட, பில்லோடு வரும் 1 லட்சம் கி.மீ. கார் நம்பி வாங்கத்தக்கது.